விபத்து நேர்ந்த இடத்தில் நிற்பது

மோட்டார் வாகனம் ஓட்டுகிற ஒவ்வொருவரும், எவ்வளவு நிதானமும் அனுபவமும் உள்ளவராக இருந்தபோதிலும், தம் வாழ்நாளில் என்றாவது ஒரு நாள் விபத்து ஒன்றின் நடுவே நிற்க நேரலாம். 2022ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் பதிவாயின என்றும், அவற்றில் 17,884 பேர் மாண்டார்கள் என்றும் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கை கூறுகிறது; விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு நம் மாநிலத்துக்கே நாட்டில் முதலிடம். இத்தனை குடும்பங்களைத் தொடுகிற ஒரு சம்பவம் நேர்ந்துவிட்டால் அடுத்த நிமிஷம் செய்ய வேண்டியது என்ன என்பதை நமக்குப் பள்ளிக்கூடத்திலும் யாரும் கற்பிக்கவில்லை. லைசென்ஸ் வாங்கப் போன இடத்தில் எட்டுப் போட்டுக் காட்டச் சொன்னவர்களும் கற்பிக்கவில்லை. கற்பிக்க ஒருவரும் இல்லாத இடத்தில் பயமே வழிகாட்டியாக வந்து நின்றுவிடுகிறது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. யார் தவறு என்று விசாரிக்காமலே கூட்டம் கைவைத்துவிடும் என்ற பயம் வண்டி ஓட்டியவருக்கு. அடிபட்டவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைய வேண்டிவரும் என்ற பயம் பார்த்துக்கொண்டு நிற்பவருக்கு. கையில் பணமில்லாமல் போனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயம் அடிபட்டவரின் உறவினருக்கு. இந்த மூன்று பயங்களும் சேர்ந்து, காப்பாற்றியிருக்கக்கூடிய உயிர்கள் பலவற்றைச் சாலையோரத்திலேயே போகவிட்டிருக்கின்றன. ஒரு தலைமுறைக்கு முன் இவற்றுக்கெல்லாம் ஆதாரம் இருந்தது உண்மை. ஆனால் 1989லிருந்து இன்று வரை உச்ச நீதிமன்றமும் பாராளுமன்றமும் படிப்படியாக அந்த ஆதாரங்களைப் பெரும்பாலும் நீக்கி வந்திருக்கின்றன என்பதும், அந்தச் செய்தி இன்னும் பொதுஜனங்களை எட்டவில்லை என்பதுமே என் அபிப்பிராயம். இன்றைய நிலையில், விபத்து நேர்ந்த இடத்தில் நின்று கடமையைச் செய்கிறவரைக் காட்டிலும், அங்கிருந்து ஓடுகிறவரே தமக்கு அதிக அபாயத்தைத் தேடிக்கொள்கிறார்.

முதலில் வண்டியை நிறுத்த வேண்டும். சாவியைத் திருப்பி என்ஜினை அணைக்க வேண்டும். நான்கு மூலை விளக்குகளும் சேர்ந்து விட்டுவிட்டு எரியும்படி அபாய விளக்கைப் போட வேண்டும். உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து பெரம்பலூர் வழியாகத் திருச்சிக்குப் போகிற நான்கு வழிச் சாலை போன்ற இடங்களில், குறிப்பாக இரவு வேளையில், முதல் மோதலில் தப்பியவர்கள், என்ன ஆயிற்று என்று பார்ப்பதற்காக நடுச்சாலையில் இறங்கி நின்று, பின்னால் வந்த லாரியில் அடிபட்டு மாண்ட துயரம் பல முறை நிகழ்ந்திருக்கிறது. ஆகையால் நடக்க முடிந்தவர்கள் அனைவரையும் சாலையின் இடப்புற ஓரத்துக்கு, தடுப்புக் கம்பி இருந்தால் அதற்கும் அப்பால் அனுப்பிவிட்டு, வண்டியோடு கொடுக்கப்பட்டிருக்கும் சிவப்பு முக்கோணப் பலகையைப் பின்னால் வருகிறவர்கள் தூரத்திலிருந்தே காணும்படி கொண்டுபோய் வைப்பது உத்தமம். பெட்ரோல் வாசனை வந்தால் பீடி, சிகரெட் பற்றவைக்க யாரையும் அனுமதிக்கக் கூடாது.

அதன் பின் 108. தமிழ்நாட்டில் 2008ஆம் ஆண்டில் தொடங்கிய இந்த ஆம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் கிடையாது என்பதை எல்லோரும் அறிவார்கள். ஆனால் பதற்றத்தில் இடத்தைச் சரியாகச் சொல்லாததால் வண்டி வந்து சேரத் தாமதமாகிறது என்பதைப் பலர் அறிவதில்லை. பக்கத்திலுள்ள கிலோமீட்டர் கல்லின் எண், கடந்து வந்த சுங்கச்சாவடி, சாலையின் இரு பக்கங்களில் எந்தப் பக்கம், அதாவது திருச்சி போகிற திசையா, சென்னை போகிற திசையா, அடிபட்டவர்கள் எத்தனை பேர், யாராவது வண்டிக்குள் சிக்கியிருக்கிறார்களா என்ற இந்த ஐந்து விவரங்களையும் நிதானமாகச் சொல்லிவிட்டு, அவர்கள் போதும் என்று சொல்லும் வரை இணைப்பைத் துண்டிக்காமல் இருக்க வேண்டும். தேசிய நெடுஞ்சாலையாயின் 1033 என்ற எண்ணிலும் உதவி கேட்கலாம்.

ஆம்புலன்ஸ் வரும் வரையிலான நேரத்தில் நம் மக்கள் மிகுந்த நல்லெண்ணத்தோடு செய்கிற காரியங்களே சில சமயம் தீராத தீங்காக முடிந்துவிடுகின்றன என்பதை வருத்தத்தோடு எழுத வேண்டியிருக்கிறது. நாலு பேர் கூடி, ஒருவர் கையையும் ஒருவர் காலையுமாகப் பிடித்துத் தூக்கி, ஆட்டோவின் பின் ஸீட்டில் மடக்கிப் போட்டு அனுப்புகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. கழுத்தெலும்போ முதுகெலும்போ முறிந்திருந்தால், அந்த ஒரே தூக்கலில் உள்ளே ஓடுகிற தண்டுவடம் நசுங்கி, பிழைத்து எழுந்து நடந்திருக்க வேண்டியவர் ஆயுள் முழுவதும் படுக்கையில் கிடக்க நேரலாம். தீப்பற்றும் அபாயமோ, மறுபடி வாகனம் மோதும் அபாயமோ இருந்தாலொழிய அடிபட்டவரை அசைக்கக் கூடாது. அசைத்தே தீர வேண்டுமானால் தலை, கழுத்து, உடல் மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படி சேர்த்துப் பிடித்து நகர்த்த வேண்டும். மூச்சுக்குத் தடையாக இருந்தாலன்றி ஹெல்மெட்டைக் கழற்ற முயலக் கூடாது. ரத்தம் பீறிட்டு வரும் இடத்தில் சுத்தமான துண்டையோ துப்பட்டாவையோ மடித்து வைத்துக் கையால் அழுத்திப் பிடித்து, நனைந்துவிட்டால் அதை எடுத்துவிடாமல் அதன் மேலேயே இன்னொரு துணியை வைத்து அழுத்த வேண்டும். நினைவிழந்து கிடப்பவர் வாந்தியும் ரத்தமும் மூச்சுக்குழாயில் இறங்கித் திணறிப் போகாதபடி, கழுத்து திரும்பாமல் உடலோடு சேர்த்து மெல்ல ஒருக்களித்துப் படுக்கவைப்பது உயிரைக் காக்கும் செயல். சோடா, காபி, தண்ணீர் எதையும் வாயில் ஊற்றக் கூடாது. நினைவு தவறியவருக்கு அது நுரையீரலில் இறங்கும், நினைவோடு இருப்பவருக்கு அவசர அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுப்பதற்கு இடைஞ்சலாகும்.

எழுந்து நடமாடுகிறவரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தலையில் அடிபட்டு ஒரு கணம் மயங்கி, பிறகு தெளிந்து, 'எனக்கு ஒன்றுமில்லை' என்று சொல்லி வீட்டுக்குப் போனவர், சில மணி நேரம் கழித்துத் தலைவலியும் வாந்தியும் தூக்கக் கலக்கமுமாகச் சரிந்து விழுவதுண்டு. மண்டையோட்டுக்கும் மூளையைச் சுற்றிய உறைக்கும் இடையே ரத்தம் மெல்லக் கசிந்து சேர்ந்து, மூளையை அழுத்துவதன் விளைவு இது. இடையில் வருகிற தெளிவு நம்மை ஏமாற்றிவிடுகிறது. வயிற்றில் ஸ்டீரிங் இடித்தவருக்கு உள்ளே ஈரலிலோ மண்ணீரலிலோ கிழிசல் இருந்தாலும் வெளியில் கீறல்கூடத் தெரியாமல் இருக்கலாம். ஆகவே பலத்த மோதலில் சிக்கியவர் எவராயினும் அன்றைக்கே வைத்தியரிடம் காட்டிக்கொள்வதும், ஒரு நாள் முழுவதும் வீட்டார் அவரைத் தனியே விடாமல் கவனித்துக்கொண்டிருப்பதும் அவசியம்.

ஆஸ்பத்திரியின் வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. கார் மோதிக் காயமுற்ற ஸ்கூட்டர்காரர் ஒருவரை அருகிலிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, 'இது போலீஸ் கேஸ்; இதைப் பார்க்க எங்களுக்கு அதிகாரமில்லை' என்று வைத்தியர்கள் கைவிரித்து, ஏறத்தாழ 20 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்த வேறோர் ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, போகும் வழியிலேயே அவர் பிராணன் போயிற்று. பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியைக் கையில் எடுத்துக்கொண்டு பண்டிட் பரமானந்த கடாரா என்ற சமூகத் தொண்டர் உச்ச நீதிமன்றத்தை நாடினார். அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும், காயமுற்றவரின் உயிரைக் காப்பதே வைத்தியரின் முதற் கடமை. போலீஸ் சம்பிரதாயங்கள் அதற்குக் குறுக்கே நிற்கலாகாது என்று 1989ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தீர்ப்பு வந்தது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவிலும் இதே கடமை எழுதப்பட்டிருக்கிறது. பணத்தைப் பற்றிய கவலையும் இப்போது வெகுவாகக் குறைந்திருக்கிறது. 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிவைக்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' என்ற திட்டத்தின்படி, தமிழ்நாட்டின் எல்லைக்குள் விபத்தில் சிக்கியவர் எந்த மாநிலத்தவராயினும், காப்பீட்டு அட்டை இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் திட்டத்தில் சேர்ந்துள்ள அரசு, தனியார் ஆஸ்பத்திரிகளில் இலவசமாகப் பெறலாம். 2025 மே மாதத்தில் மத்திய அரசும் ஒரு திட்டத்தை அறிவித்து, நாடெங்கும் குறிப்பிட்ட ஆஸ்பத்திரிகளில் ஏழு நாள் வரை 1,50,000 ரூபாய்க்கு உட்பட்ட சிகிச்சைக்கு வழிசெய்திருக்கிறது.

உதவ வந்தவருக்குச் சட்டம் அளித்திருக்கும் பாதுகாப்பு இதைவிடப் பெரிது. 2016 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்திய நெறிமுறைகள், பின்னர் 2019ஆம் ஆண்டின் திருத்தத்தில் 134-ஏ பிரிவாகச் சட்டத்திலேயே இடம்பெற்றுவிட்டன. அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவர் தம் பெயரையோ விலாசத்தையோ சொல்ல வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. ஆஸ்பத்திரி அவரை நிறுத்திவைக்கவோ, அவரிடம் பணம் கேட்கவோ கூடாது. தாமாக முன்வந்தாலொழிய அவரைச் சாட்சியாக்க முடியாது. முன்வந்தாலும் அவருக்குச் சௌகரியமான இடத்தில், சௌகரியமான நேரத்தில், ஒரே ஒரு முறைதான் விசாரிக்கலாம். நல்லெண்ணத்தோடு செய்த உதவியில் தவறு நேர்ந்து தீங்கு விளைந்தாலும் அவர் மீது வழக்குத் தொடுக்க இடமில்லை. இந்த உரிமைகளை உள்ளூர் மொழியில் எழுதி ஆஸ்பத்திரியின் வாசலில் வைக்க வேண்டும் என்பதும் விதி. அந்தப் பலகை ஒவ்வோர் ஆஸ்பத்திரி வாசலிலும் எழுதிய எழுத்து மங்காமல் நிற்க வேண்டும் என்பதில் நம் ஊராட்சிகளும் சங்கங்களும் அக்கறை எடுத்துக்கொண்டால் அது பெரிய தர்மமாகும்.

இனி, வண்டி ஓட்டியவரின் நிலை. காயமுற்றவருக்கு வைத்திய உதவி கிடைக்கச் செய்ய வேண்டும், போலீஸார் அங்கே இல்லையென்றால் அருகிலுள்ள ஸ்டேஷனில் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும் என்று 134ஆவது பிரிவு அவருக்குக் கட்டளையிடுகிறது. இந்தப் பிரிவை இயற்றியவர்கள் உலக அனுபவம் உள்ளவர்கள் என்றே சொல்ல வேண்டும். கூட்டத்தின் ஆத்திரத்தால் அங்கே நிற்க முடியாத நிலை வரலாம் என்பதை அவர்களே ஒப்புக்கொண்டு, அதற்கு விலக்கும் வைத்திருக்கிறார்கள். கல்லெறியும் கூட்டத்தின் நடுவே உயிரைப் பணயம் வைக்கும்படி சட்டம் யாரையும் கேட்கவில்லை. அப்படிப்பட்ட நிலையில் நேரே அடுத்த போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், நடந்ததைச் சொல்லி, 108க்கும் தகவல் கொடுப்பவர் ஓடிப்போனவர் ஆகமாட்டார். கவனக்குறைவால் மரணம் விளைவிக்கிற குற்றத்துக்குப் புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் ஐந்தாண்டு வரை தண்டனை உண்டு என்றாலும், அது ஜாமீனில் விடத்தக்க குற்றமே. தகவல் கொடுக்காமல் தப்பி ஓடுகிறவருக்குப் பத்தாண்டு வரை தண்டனை என்ற இன்னொரு பிரிவும் அதே சட்டத்தில் எழுதப்பட்டது. 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் நடத்திய போராட்டத்தை அடுத்து அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் இருக்கிறது. சட்டம் எந்தத் திசையை நோக்கிப் போகிறது என்பதை இதிலிருந்தே ஊகித்துக்கொள்ளலாம். ஓட்டியவருக்கு லைசென்ஸ் இல்லை என்பதற்காகவோ, அவர் குடித்திருந்தார் என்பதற்காகவோ, வேறொருவரை 'நான்தான் ஓட்டினேன்' என்று ஸ்டேஷனில் ஆஜராகச் செய்கிற 'ஆள் மாற்றம்' என்ற தந்திரம் சில இடங்களில் நடக்கிறது. பொய்ச்சாட்சிக் குற்றத்தையும் சேர்த்து விலைக்கு வாங்குகிற காரியம் அது. பாசத்தின் பேரில் பெற்றோர்களே பிள்ளைகளுக்காக இதைச் செய்யத் துணிகிறார்கள் என்று கேள்விப்படும்போது மனம் மிகவும் நோகிறது.

உயிர்களைப் பற்றிய கவலை நீங்கிய பிறகு, சாட்சியங்களைப் பற்றி யோசிக்கலாம். இன்று எல்லோர் சட்டைப் பையிலும் காமிரா இருக்கிறது. வண்டிகளை நகர்த்துவதற்கு முன், தூரத்திலிருந்து சாலை முழுவதும் தெரியும்படியும், பிறகு கிட்டத்தில் நம்பர் பிளேட், நசுங்கிய பாகம், தார்ச்சாலையில் பதிந்த டயர் தடம், சிதறிய கண்ணாடி, பக்கத்திலுள்ள சிக்னல், வேகத்தடை ஆகியவை தெரியும்படியும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். காயமே இல்லாத சிறு மோதலாயின் படம் எடுத்த பின் வண்டிகளை ஓரங்கட்டிப் போக்குவரத்துக்கு வழிவிடலாம். பலத்த காயமோ மரணமோ நேர்ந்திருந்தால் போலீஸார் வரும் வரை வண்டியைத் தொடாமலிருப்பதே நல்லது. எதிரிலுள்ள டீக்கடையிலோ பெட்ரோல் பங்க்கிலோ கண்காணிப்புக் காமிரா இருந்தால் அதை உடனே போலீஸாரிடம் சுட்டிக்காட்ட வேண்டும். பழைய பதிவின் மேலேயே புதிய பதிவு ஏறிக்கொண்டிருப்பதால் சில நாட்களில் அது அழிந்துவிடும். எதிர்த்தரப்பாரோடு வாக்குவாதத்தில் இறங்குவதால் ஒரு பிரயோஜனமும் விளையாது.

நம் நாட்டில் பெரும்பாலான விபத்துகள் சாலையோரத்திலேயே 'பேசி முடித்து' விடப்படுகின்றன. பம்பரில் ஒரு கீறல் விழுந்ததற்குப் பேசி முடித்துக்கொண்டு போவதில் யாருக்கும் ஆட்சேபமில்லை. ஆனால் மனிதருக்கு அடிபட்டிருக்கும்போது, ஊர்ப் பெரியவர் ஒருவர் நடுவில் நின்று, சில ஆயிரம் ரூபாயை வாங்கிக் கொடுத்து, வெள்ளைத் தாளில் 'இனி எங்களுக்குள் எந்தத் தகராறும் இல்லை' என்று எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கிவிடுகிறாரே, அதில்தான் ஏழைகள் பெரிதும் வஞ்சிக்கப்படுகிறார்கள். கொத்தனார் வேலை செய்கிற ஒருவர் வீக்கம்தானே என்று நினைத்துப் பணத்தை வாங்கிக்கொண்டு போகிறார். மறுவாரம் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் முழங்கால் எலும்பில் முறிவு. ஆறு மாதம் சாரத்தில் ஏற முடியாது. அதற்குள் வழக்கும் பதிவாகவில்லை, சாட்சிகளும் கலைந்துவிட்டார்கள். வண்டிக்காரருக்கும் இதில் நன்மையில்லை: கம்பெனியின் எழுத்து மூலமான சம்மதமின்றிப் பொறுப்பை ஒப்புக்கொள்ளவோ, பணம் தருவதாக வாக்களிக்கவோ கூடாது என்ற நிபந்தனை மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசியிலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. காயமுற்றவரிடம் அனுதாபம் காட்டுவதையும், அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதையும் அந்த நிபந்தனை தடுக்கவில்லை.

ஸ்டேஷனில் புகார் கொடுத்தவுடன் கிடைக்கிற சி.எஸ்.ஆர். ரசீதோடு திருப்தியடைந்துவிடலாகாது, முதல் தகவல் அறிக்கை பதிவாகி, அதன் நகலை வாங்கிக்கொள்ள வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. பிறகு ஸ்தலத்தில் தயாரிக்கப்படும் பார்வை மகஜர், வரைபடம், 'பிரேக் இன்ஸ்பெக்டர்' என்று ஜனங்கள் வழங்குகிற மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை, ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டிலிருந்து எடுக்கப்படும் ஏ.ஆர். காப்பி, காயச் சான்றிதழ் ஆகிய காகிதங்கள் சேரும். ஏ.ஆர். காப்பியைப் பற்றி விசேஷமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆஸ்பத்திரியில் சேர்க்கிறபோது பக்கத்திலிருக்கிற யாரோ பதற்றத்தில் 'வழுக்கி விழுந்துவிட்டார்' என்றோ 'வண்டியிலிருந்து தானாக விழுந்தார்' என்றோ சொல்லிவிட்டால், அதுவே பதிவாகி, பின்னர் நஷ்டஈட்டு வழக்கில் எதிர்த்தரப்பு வக்கீலின் கையில் முதல் ஆயுதமாகிவிடும். எந்த வண்டி, எங்கே, எத்தனை மணிக்கு மோதியது என்பதை அங்கே சரியாகச் சொல்ல வேண்டும்.

வண்டியின் சேதத்துக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தாமதமின்றித் தகவல் கொடுத்து, அவர்கள் அனுப்பும் சர்வேயர் பார்த்த பின்னரே வொர்க்‌ஷாப்பில் கைவைக்கவிட வேண்டும். ரேடியேட்டரோ எண்ணெய்த் தொட்டியோ உடைந்த வண்டியை 'ஓடுகிறதே' என்று ஓட்டிக்கொண்டுபோய் என்ஜினைப் பாழாக்கிக்கொண்டால், அந்த அதிகப்படி நஷ்டம் ஓட்டியவரையே சேரும். சேதம் அற்பமாயின், கிளெய்ம் செய்யாத ஆண்டுகளுக்காக 20 முதல் 50 சதவீதம் வரை சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் கிடைக்கிற சலுகை போய்விடுமே என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்பது புத்திசாலித்தனம்.

அடிபட்டவர்களும் இறந்தவரின் குடும்பத்தாரும் நஷ்டஈடு கோர வேண்டிய இடம், ஜனங்கள் எம்.சி.ஓ.பி. கேஸ் என்று சொல்கிற வழக்குகளை விசாரிக்கும் மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயம். விபத்து எந்த ஜில்லாவில் நேர்ந்திருந்தாலும், தாங்கள் குடியிருக்கிற ஊருக்குரிய தீர்ப்பாயத்திலேயே மனுச் செய்யலாம் என்பது ஏழைகளுக்குப் பெரிய அனுகூலம். ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்ற விதி 2022 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அது செல்லுமா என்ற பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை போயிருந்தாலும், அந்தக் கெடுவுக்குள் மனுவைப் போட்டுவிடுவதே ஜாக்கிரதையான வழி. மோதிய வண்டி எதுவென்றே தெரியாமல் போனாலும் கைவிட வேண்டியதில்லை. அதே 2022ஆம் ஆண்டிலிருந்து மரணத்துக்கு 2 லட்சம் ரூபாயும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் கிடைக்க ஒரு திட்டம் இருக்கிறது. அதற்குத் தாசில்தார் முதலிய வருவாய்த் துறை அதிகாரிகளிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியின் அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலிலேயே, துக்கத்தில் நினைவு தடுமாறி நிற்கிற மனைவியிடமோ தகப்பனாரிடமோ, 'நீங்கள் ஒன்றும் அலைய வேண்டாம், எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று சொல்லி, நிரப்பாத வக்காலத்துப் படிவத்திலும் வெற்றுத்தாளிலும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகிற தரகர்கள் உண்டு. பின்னால் வருகிற நஷ்டஈட்டில் பாதியோ மூன்றில் ஒன்றோ அவர்களுக்குப் போய்விடுகிறது. அந்த வேளையில் எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போட வேண்டிய அவசரம் இல்லை. ஒவ்வொரு ஜில்லா நீதிமன்ற வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினர் ஆகியோருக்கு அவர்களுடைய வருமானம் என்னவாக இருந்தாலும் அங்கே வக்கீலை இலவசமாக அமர்த்திக் கொடுப்பார்கள். மற்ற ஏழைகளும் வருமான வரம்புக்கு உட்பட்டு அந்த உதவியைப் பெறலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல், ஏ.ஆர். காப்பி, ஆஸ்பத்திரி பில்கள், சம்பளச் சான்று, இறப்பு நேர்ந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் வாரிசுச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு முதலில் அந்த அலுவலகத்துக்குப் போகலாம்.